வீட்டுச் சீரமைப்புத் தொழிலில் மதிப்பீடும் பில்லும்: விலை நூல் முதல் மென்பொருள் வரை

பழைய சமையலறையை மாற்றிக் கட்டுதல், குளியலறையைப் புதுப்பித்தல், இருக்கும் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுதல் போன்ற பணிகள் அமெரிக்காவில் வீட்டுச் சீரமைப்பு என்னும் தனித் தொழிலாக வளர்ந்துள்ளன. இத்தொழிலில் சிறு ஒப்பந்தக்காரர்கள் மிகுதி. நிறுவனத்தின் உரிமையாளரே தச்சு வேலையும் செய்வார்; அவரே வாடிக்கையாளரிடம் பேசுவார்; இரவில் அவரோ அவருடைய வீட்டாரோ கணக்கு எழுதுவார்கள்.

அவருடைய தொழில் இரண்டு தாள்களுக்கு இடையே நடக்கிறது. ஒன்று மதிப்பீடு, தமிழ்நாட்டில் எஸ்டிமேட் என்று எல்லோரும் சொல்வது. அது பணிக்கு முன் எழுதப்படுகிறது. மற்றொன்று பில். அது பணி நடக்கும்போதும் முடிந்த பின்னும் எழுதப்படுகிறது. முதல் தாள் ஒரு வாக்குறுதி. இரண்டாம் தாள் ஒரு கோரிக்கை. இரண்டும் பொருந்தாவிட்டால் ஒப்பந்தக்காரர் நட்டப்படுவார், அல்லது வீட்டுக்காரர் ஏமாந்ததாக உணர்வார்.

இவ்விரு தாள்களையும் எழுதித் தரும் மென்பொருள்கள் இன்று ஏராளம். அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விளம்பரங்களைவிட வரலாறு தெளிவான விடை தருகிறது. மதிப்பீடும் பில்லும் வெவ்வேறு மரபுகளில் பிறந்து, நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, மிக அண்மையில்தான் ஒன்று சேர்ந்தன. அந்தப் பிரிவின் தடங்கள் இன்றைய மென்பொருள்களிலும் உள்ளன.

பணிக்கு முன் விலை சொல்லுதல்

கட்டடத்துக்கு முன்கூட்டியே விலை சொல்வதும் அந்த விலை மீறப்படுவதும் மிகப் பழைய சிக்கல்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் நூலின் பத்தாம் பகுதியின் முன்னுரையில் எபேசு நகரத்தின் பழைய சட்டம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். பொதுக் கட்டடப் பணியை ஏற்கும் கலைஞர் அதன் செலவை முன்னதாக அறிவிக்க வேண்டும். பணி முடியும்வரை அவருடைய சொத்து நகர அதிகாரிகளிடம் ஈடாக இருக்கும். செலவு சொன்னபடியே அமைந்தால் அவருக்குப் பாராட்டும் சிறப்பும் கிடைக்கும். நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் கூடினால் அந்தக் கூடுதலை நகரமே ஏற்கும். அதற்கும் மேல் போனால் கலைஞரின் சொத்திலிருந்து எடுக்கப்படும்.

இத்தகைய சட்டம் ரோமிலும் இருக்க வேண்டும், பொதுக் கட்டடங்களுக்கு மட்டுமன்றித் தனியார் வீடுகளுக்கும் இருக்க வேண்டும் என்று விட்ருவியஸ் விரும்பினார். மதிப்பீட்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஓரளவு பிழை இயல்பு என்பதை எபேசுச் சட்டம் ஒப்புக்கொண்டது. அந்தப் பிழையின் எல்லையையும், எல்லை தாண்டினால் யார் பொறுப்பு என்பதையும் அது வரையறுத்தது. இன்றைய வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தங்களும் இதே இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை தேடுகின்றன.

விலை நூல்களின் காலம்

அமெரிக்காவில் கட்டட விலையின் வரலாறு பிலடெல்பியா நகரத் தச்சர் சங்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1724இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் மண்டபத்தில்தான் 1774இல் முதல் கண்டப் பேராயம் கூடியது. 1786இல் சங்கம் ஒரு விலை நூலை அச்சிட்டது. வீட்டு வேலைகளை எப்படி அளப்பது, எப்படி மதிப்பிடுவது என்னும் விதிகள் அதில் இருந்தன. அந்நூல் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் ஒரு படி கேட்டபோதும் சங்கம் தர மறுத்தது.

அன்றைய நடைமுறை இன்றைய மதிப்பீட்டிலிருந்து வேறுபட்டது. வேலை முடிந்த பிறகு அளப்பவர் ஒருவர் வந்து கதவு, சன்னல், படிக்கட்டு என ஒவ்வொன்றையும் அளந்து, நூலில் உள்ள விகிதப்படி விலை குறிப்பார். அதாவது வேலைக்குப் பின்னரே விலை தெரியும். வீட்டுக்காரரிடம் அந்த நூல் இல்லாததால் விலை சரியா என்று அவரால் சோதிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் எல்லா வேலைகளையும் ஒருவரே ஏற்று மொத்தத் தொகைக்குச் செய்து தரும் ஒப்பந்த முறை பரவியது. அப்போதுதான் வேலைக்கு முன்பே விலையைக் கணித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒப்பந்தக்காரர் தலையில் விழுந்தது. விலை தவறினால் வரும் நட்டமும் அவருடையதானது.

அச்சிட்ட விலை நூல்கள் 20ஆம் நூற்றாண்டில் பொதுச் சந்தைக்கு வந்தன. பிராங்க் ஆர். வாக்கர் தொகுத்த மதிப்பீட்டாளர் கையேடு 1915இல் முதன்முதலாக வெளிவந்தது. ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு செங்கல் கட்டுவார், எவ்வளவு பலகை பொருத்துவார் என்பன போன்ற உழைப்பு அளவுகளை அது விரிவாகத் தந்தது. ராபர்ட் ஸ்னோ மீன்ஸ் 1942இல் தொடங்கிய கட்டடச் செலவுத் தரவு நூல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, நகரத்துக்கு நகரம் மாறும் விலையைக் கணக்கிட உதவியது. தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை வெளியிடும் விலை விகிதப் பட்டியலை அறிந்தவர்களுக்கு இந்நூல்களின் அமைப்பு எளிதில் விளங்கும். ஆனால் அரசுப் பட்டியல் அரசுப் பணிகளுக்கு அடிப்படையாக அமைவது. அமெரிக்க நூல்கள் தனியார் வெளியிட்ட வழிகாட்டிகள் மட்டுமே.

விலை நூல் தருவது சராசரி விலை. சராசரி வேலையாள், சராசரி வீடு, சராசரி சூழ்நிலை ஆகியவற்றைக் கொண்டு அது அமைகிறது. புதிய வீடு கட்டுபவருக்கு இது பெரிதும் உதவும். பழைய வீட்டைத் திருத்துபவருக்கு அந்த அளவு உதவாது.

சீரமைப்பின் தனிச் சிக்கல்

வீட்டுச் சீரமைப்புத் தொழில் விரிவடைந்ததில் 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெருமந்தக் காலத்தில் கட்டட வேலையின்றித் தவித்தவர்களுக்கு வேலை கிடைக்க, வீடுகளைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வங்கிகள் தரும் கடனுக்கு அச்சட்டத்தின் முதல் பிரிவு அரசுக் காப்பீடு அளித்தது. இவ்வாறு சீரமைப்புக்குக் கடன் வாங்கும் வழக்கம் பரவியது. கடனின் அளவை முடிவு செய்ய வேலையின் விலை எழுத்தில் தேவைப்பட்டது.

புதுக் கட்டடத்தில் வரைபடத்தைப் பார்த்தே அளவுகளை எடுக்கலாம். சீரமைப்பில் முக்கியமானவை சுவருக்குள் மறைந்திருக்கும். ஓட்டை உடைத்துப் பார்த்தால் அடியில் மரம் இற்றுப்போயிருக்கலாம். பழைய மின்கம்பி வெளிப்படலாம். குழாய் எதிர்பாராத இடத்தில் செல்லலாம். வேலை நடக்கும்போதே வீட்டுக்காரர் வேறு ஓடு, வேறு அலமாரி கேட்கலாம். இவ்வாறு இடையில் சேரும் வேலைக்கு மாற்றுப் பணி ஆணை என்று பெயர். என்ன மாறுகிறது, எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதை எழுதி இருவரும் கையொப்பமிடுவது அதன் நோக்கம்.

சிறு ஒப்பந்தக்காரரின் நட்டம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. வேலை நடக்கும் இடத்தில் வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்டது பில்லில் ஏறாமல் போகும். அல்லது பில்லில் ஏறியதை வீட்டுக்காரர் மறுப்பார். ஆகவே சீரமைப்புக்கான எந்தக் கணக்கு முறையிலும் மதிப்பீடு, மாற்றுப் பணி ஆணை, பில் ஆகிய மூன்றும் ஒரே தொடராக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது தாள் விலை நூல்களிலும் இல்லை, பொதுக் கணக்குப் புத்தகங்களிலும் இல்லை.

பணம் வந்து சேரும் வழி

பில்லின் வரலாறு வணிகர்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. வெனிஸ் வணிகர்கள் பின்பற்றிய இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாசியோலி 1494இல் அச்சு நூலில் விளக்கினார். யார் எவ்வளவு தர வேண்டும், எவ்வளவு தந்தார் என்பதே அம்முறையின் அக்கறை. அந்த விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது அதற்குத் தேவையில்லை. இதனால் மதிப்பீடு கட்டடக்காரரின் கலையாகவும் பில் கணக்கரின் கலையாகவும் பிரிந்தே நின்றன.

கட்டடத் தொழிலில் பில்லுக்குச் சட்ட வலிமையும் சேர்ந்தது. 1791இல் மேரிலாந்து மாநிலம், புதிய தலைநகரான வாஷிங்டனில் கட்டட வேலையை ஊக்குவிக்கும் பொருட்டு, கூலி பெறாத கட்டடக்காரருக்கு அந்தக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை அளிக்கும் சட்டம் இயற்றியது. பின்னர் மற்ற மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இவ்வுரிமைக்குக் கால வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் நேரடி ஒப்பந்தக்காரர் பொதுவாகப் பணி முடிந்த 90 நாள்களுக்குள் பற்றுரிமையைப் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் பணி நிறைவு அறிவிப்பைப் பதிந்திருந்தால் 60 நாள்களே உண்டு. எனவே எந்த நாளில் என்ன வேலை முடிந்தது, எந்த நாளில் பில் அனுப்பப்பட்டது என்ற பதிவுகள் பணத்துக்குச் சமமானவை.

விரிதாள் வந்தது

1979இல் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் இருவரும் உருவாக்கிய விசிகால்க், ஆப்பிள் 2 கணினியில் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறும் என்பதே அதன் புதுமை. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கும் 1987இல் விண்டோசுக்கும் எக்செல் வந்தது. மதிப்பீடு எழுதுபவருக்கு இது பெரிய விடுதலை. ஓட்டின் விலை ஏறினால் பத்துப் பக்கக் கணக்கை அழித்து எழுத வேண்டியதில்லை.

விரிதாளின் ஆபத்தும் விரைவிலேயே தெரிந்தது. 1980களின் நடுவில் புளோரிடா மாநிலக் கட்டட நிறுவனம் ஒன்று, லோட்டஸ் நிறுவனத்தின் சிம்பொனி மென்பொருளில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான ஒப்பந்தப்புள்ளியைத் தயாரித்தது. பொதுச் செலவுக்கான 254,000 டாலர் ஒரு வரியாக உள்ளே இருந்தும், மொத்தத்தில் கூட்டப்படாமல் போயிற்று. அந்தக் குறைந்த தொகைக்கே நிறுவனம் ஒப்பந்தத்தைப் பெற்றது. பின்னர் மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, அதைக் கைவிட்டது. கணினித் திரையில் நேர்த்தியாகத் தெரியும் மொத்தத் தொகையை யாரும் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை என்பதற்கு இது பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியாயிற்று.

இன்னொரு பிழை விரிதாளால் வருவதன்று. ஆனால் விரிதாள் அதை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும். செலவின் மீது ஏற்றும் விழுக்காட்டையும் விற்பனை விலையில் மிஞ்சும் விழுக்காட்டையும் ஒன்றென்று கருதுவதே அது. ஒரு குளியலறைப் பணிக்கு நேரடிச் செலவு 10,000 டாலர் என்று கொள்வோம். அலுவலகம், வண்டி, காப்பீடு போன்ற மேற்செலவுக்கும் இலாபத்துக்கும் சேர்த்து விற்பனை விலையில் 30 விழுக்காடு மிஞ்ச வேண்டும். செலவோடு 30 விழுக்காட்டைக் கூட்டினால் விலை 13,000 டாலர். அதில் மிஞ்சும் 3,000 டாலர் விற்பனை விலையில் 23 விழுக்காடு மட்டுமே. சரியான விலையைப் பெற 10,000ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 14,286 டாலர். ஒரு பணிக்கு 1,286 டாலர் குறைகிறது. ஆண்டுக்கு இருபது பணிகள் செய்தால் 25,720 டாலர் குறையும். வேலை நிறைய இருந்தும் கையில் பணம் நிற்காத நிலைக்கு இது ஒரு காரணம்.

கணக்கு மென்பொருளின் வழி

பெரிய கட்டட நிறுவனங்களுக்குத் தனி மென்பொருள்கள் முன்பே வந்துவிட்டன. 1971இல் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய டிம்பர்லைன் நிறுவனம் கட்டடத் துறைக்கான கணக்கு, மதிப்பீட்டு மென்பொருள்களால் பெயர் பெற்றது. 2003இல் சேஜ் நிறுவனம் அதை வாங்கியது. சிறு ஒப்பந்தக்காரர்களை எட்டிய மென்பொருள் வேறு திசையிலிருந்து வந்தது.

ஸ்காட் குக், டாம் புரூ இருவரும் 1983இல் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கினர். குடும்பக் கணக்குக்காக அவர்கள் உருவாக்கிய குவிக்கன் மென்பொருளைச் சிறு தொழில் செய்வோரும் தங்கள் தொழில் கணக்குக்குப் பயன்படுத்துவது தெரியவந்தது. கணக்கியல் படிக்காதவர்களுக்குப் பற்று, வரவு என்ற சொற்களே தடையாக இருந்தன. அவர்களுக்காக 1992இல் குவிக்புக்ஸ் வெளிவந்தது. திரையில் காசோலை போலவும் பில் போலவும் தெரியும் படிவத்தை நிரப்பினால் போதும். இரட்டைப் பதிவு உள்ளே தானாக நடக்கும்.

இதனால் சிறு ஒப்பந்தக்காரரின் மேசையில் இரு கருவிகள் நின்றன: மதிப்பீட்டுக்கு விரிதாள், பில்லுக்குக் குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள். பழைய பிரிவு புதிய உருவில் தொடர்ந்தது. மதிப்பீட்டில் உள்ள எண்களைக் கணக்கு மென்பொருளில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டாம் முறை எழுதும்போது வரிகள் விடுபடும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. பணி முடிந்த பின் உண்மைச் செலவு கணக்கு மென்பொருளில் இருக்கும். சொன்ன விலை விரிதாளில் இருக்கும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடாவிட்டால் ஓடு பதிப்பதற்கு எப்போதும் குறைவான நாள்களையே கணித்து வருகிறோம் என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது.

இரு தாள்களும் சேர்ந்தன

2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசின் மின்னணுக் கையொப்பச் சட்டம் நிறைவேறியது. மின்னணு வடிவில் இருப்பதால் மட்டுமே ஒரு கையொப்பம் செல்லாததாகிவிடாது என்று அது உறுதி செய்தது. 2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் பில்டர்டிரெண்ட் தொடங்கியது. வீடு கட்டுவோருக்கும் சீரமைப்போருக்கும் இணையவழி மேலாண்மை மென்பொருளாக அது வளர்ந்தது. 2007இல் ஐபோனும் 2010இல் ஐபேடும் வந்த பிறகு வேலை நடக்கும் இடத்திலேயே மதிப்பீடு எழுதிக் கையொப்பம் பெற முடிந்தது. 2011இல் கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து வந்த ஜாபர், வீட்டுச் சேவைகள் செய்யும் சிறு தொழில்களுக்கு விலை கூறல், நாள் குறித்தல், பில் அனுப்புதல் ஆகியவற்றை ஒரே தொடராக்கியது.

இப்போது ஒப்புக்கொண்ட மதிப்பீட்டையே பில்லாக மாற்ற முடிகிறது. மாற்றுப் பணி ஆணையை வீட்டுக்காரரின் கைபேசிக்கு அனுப்பி, சுவரை மூடுவதற்கு முன்பே ஒப்புதல் பெற முடிகிறது. பிலடெல்பியாத் தச்சர்களின் காலத்தில் பூட்டி வைத்த விலை, வீட்டுக்காரர் வரிக்கு வரி பார்க்கும் பொருளாகியுள்ளது. இருந்தாலும் எல்லா மென்பொருளும் எல்லாவற்றையும் சம அளவில் செய்வதில்லை. சேவைத் தொழிலிலிருந்து வந்த மென்பொருளில் நாள் குறிப்பதும் பில் அனுப்புவதும் எளிது. வீடு கட்டும் தொழிலிலிருந்து வந்ததில் மாற்றுப் பணி ஆணையும் பொருள் தேர்வும் விரிவாக இருக்கும். கணக்கியலிலிருந்து வந்ததில் வரியும் வரவு செலவும் உறுதியாக இருக்கும். ஒவ்வொன்றும் தான் பிறந்த வீட்டின் பழக்கத்தைக் கொண்டிருக்கிறது.

உள்ளே இருக்கும் விலை யாருடையது?

சில மென்பொருள்கள் விலைத் தரவையும் சேர்த்தே தருகின்றன. இவற்றில் எக்ஸாக்டிமேட் குறிப்பிடத்தக்கது. யூட்டா மாநிலத்தில் 1986இல் தொடங்கிய எக்ஸாக்ட்வேர் நிறுவனத்தின் இம்மென்பொருள், தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கான காப்பீட்டு இழப்பை மதிப்பிடுவதில் பரவலாகப் பயன்படுகிறது. காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தக்காரரும் ஒரே வரிகளை வைத்துப் பேச அது உதவுகிறது. ஆனால் காப்பீட்டுப் பழுதுபார்ப்பு வேறு, வீட்டுக்காரர் தம் சொந்தப் பணத்தில் செய்யும் சமையலறைச் சீரமைப்பு வேறு.

வெளியாரின் விலைத் தரவு பழையதாகிவிடும் ஆபத்தும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் இது கண்கூடாயிற்று. 2021 மே மாதத்தில் அமெரிக்க மர முன்பேரச் சந்தையில் ஆயிரம் பலகை அடிக்கான விலை 1,600 டாலரைத் தாண்டியது. சில மாதங்களில் மீண்டும் பெரிதும் இறங்கியது. விலையேற்றத்துக்கு முன் மதிப்பீடு கொடுத்து, அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதாமல் விட்டவர்கள் இக்கட்டில் சிக்கினர். மதிப்பீட்டின் அடியில் செல்லுபடியாகும் நாளைத் தானாக அச்சிடும் வசதி சிறியதாகத் தோன்றலாம். அந்த ஆண்டில் அதன் மதிப்பு தெரிந்தது.

அச்சிட்ட நூலின் விலையோ மென்பொருள் தரும் விலையோ தொடக்கத்துக்கே உதவும். ஓர் ஒப்பந்தக்காரர் முடித்த பத்துப் பணிகளின் உண்மைச் செலவே அவருக்கு மிக நம்பகமான விலை நூல். அதை உருவாக்கித் தரும் மென்பொருளே அவருக்கு உண்மையில் பயன்படுவது.

சட்டம் தாளுக்குள் வருகிறது

வீட்டுச் சீரமைப்பில் ஏமாற்றுக்காரர்கள் முன்பணம் பெற்று மறைவது நெடுநாள் குறை. அதனால் பல மாநிலங்கள் மதிப்பீட்டிலும் பில்லிலும் என்ன இருக்கலாம் என்பதையே வரையறுத்துள்ளன. கலிபோர்னியாவில் முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு, அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மிகக் கூடாது. 30,000 டாலர் குளியலறைப் பணிக்கும் முன்பணம் 1,000 டாலர்தான். அடுத்த தவணைகளும் முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒப்பந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது தனியாக வரவழைக்கும் பொருள்களின் விலை, இவற்றில் எது கூடுதலோ அது வரம்பு.

இதன் விளைவு நேரடியானது. பாதி முன்பணம் என்ற மாதிரிப் படிவத்தோடு வரும் மென்பொருளைக் கலிபோர்னியா ஒப்பந்தக்காரர் அப்படியே பயன்படுத்தினால் சட்டத்தை மீறியவராவார். 1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சைக் கலைக்கும் பணிகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தடுப்புத் திரை, தனிப் பயிற்சி, துப்புரவு ஆகியவற்றின் செலவு மதிப்பீட்டில் ஒரு வரியாக வர வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவாக ஆக்கப்பட்ட மாதிரிப் படிவம் இத்தகைய வரிகளை நினைவூட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சந்தாவும் பழைய ஆவணங்களும்

முன்னர் மென்பொருளை ஒருமுறை வாங்கித் தம் கணினியில் வைத்துக்கொண்டனர். இன்று பெரும்பாலானவை மாதச் சந்தாவில் இணையவழி இயங்குகின்றன. ஒப்பந்தக்காரரின் ஆவணங்களும் அங்கேயே இருக்கின்றன. மென்பொருள்களோ நிலையானவை அல்ல. விசிகால்க் எப்போதோ மறைந்துவிட்டது. லோட்டஸ் 1-2-3 விற்பனை 2013இல் நின்றது. 2021இல் பில்டர்டிரெண்ட் தன் போட்டியாளரான கோகன்ஸ்ட்ரக்ட் நிறுவனத்தை வாங்கியது. 2024 செப்டம்பர் முடிவில், சிறு தொழில்கள் பயன்படுத்திய மேசைக்கணினிக் குவிக்புக்ஸ் பதிப்புகள் பலவற்றுக்குப் புதிய சந்தா தருவதை இன்ட்யூட் அமெரிக்காவில் நிறுத்தியது.

ஒப்பந்தக்காரரின் பொறுப்பு இவ்வளவு விரைவில் முடிவதில்லை. கலிபோர்னியாவில் கட்டடத்தின் மறைந்த குறைகளுக்காக, பணி பெரும்பாலும் நிறைவுற்ற நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரை வழக்குத் தொடர இடமுண்டு. அந்த நாளில் என்ன பொருள் போடுவதாக ஒப்புக்கொண்டோம், வீட்டுக்காரர் எதை மாற்றச் சொன்னார் என்பதற்குக் கையொப்பமிட்ட தாளே சான்று. சந்தாவை நிறுத்தியதும் அந்தத் தாளும் போய்விடுமானால், சிக்கனமாகத் தோன்றிய தேர்வு பெருஞ்செலவாகிவிடும்.

தேர்வு செய்வோர் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, மதிப்பீட்டின் ஒவ்வொரு வரியும் மறுபடி தட்டச்சு செய்யாமல் பில்லுக்குச் செல்கிறதா? இரண்டாவது, மாற்றுப் பணி ஆணைக்குத் தனிக் கையொப்பமும் நாளும் பதிவாகி, அதன் தொகை அடுத்த பில்லில் தானாகச் சேர்கிறதா? மூன்றாவது, பணி முடிந்த பின் சொன்ன செலவையும் ஆன செலவையும் வரிக்கு வரி ஒப்பிட முடிகிறதா? நான்காவது, விழுக்காடு என்று கேட்கும் இடத்தில் அது செலவின் மீதா, விற்பனை விலையின் மீதா என்று தெளிவாகக் காட்டுகிறதா? ஐந்தாவது, முன்பண வரம்பு, சட்டம் கோரும் அறிவிப்புகள் ஆகியவற்றை மாநிலத்துக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா? ஆறாவது, எல்லா ஆவணங்களையும் எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறதா?

இவற்றைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இலவசச் சோதனைக் காலத்தில் கற்பனைப் பணியை உள்ளிடாமல், ஏற்கெனவே முடிந்த, நடுவே இரண்டு மூன்று மாற்றங்கள் வந்த ஒரு பணியை முதலிலிருந்து கடைசிவரை உள்ளிட்டுப் பார்க்க வேண்டும். இறுதித் தொகை கையில் உள்ள பழைய கணக்கோடு பொருந்துகிறதா என்று கையால் கூட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அந்த ஆவணங்களை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாலை நேரச் சோதனை, விளம்பரத்தில் சொல்லாதவற்றையும் காட்டிவிடும்.

ஆண்டுக்கு நான்கைந்து பணிகள் மட்டும் செய்பவருக்கு நன்றாக அமைத்த விரிதாளும் எளிய கணக்கு மென்பொருளும் போதுமானவையாக இருக்கலாம். பல பணிகள் ஒரே நேரத்தில் நடந்து, துணை ஒப்பந்தக்காரர்களும் சேரும்போது இணைந்த மென்பொருளின் சந்தா தன் விலையை மீட்டுத் தரும். எந்தக் கருவியானாலும் அளவு எடுப்பதும், சுவருக்குள் என்ன இருக்கும் என்று ஊகிப்பதும், ஊகம் தவறினால் என்ன செய்வது என்று வீட்டுக்காரரிடம் முன்பே சொல்வதும் மனிதர் செய்ய வேண்டியவை. எபேசு நகரத்தார் நான்கில் ஒரு பங்கு என்று எல்லை வகுத்தனர். இன்றைய சீரமைப்பு ஒப்பந்தத்தில் அந்த எல்லையை ஒப்பந்தக்காரரும் வீட்டுக்காரரும் தங்களுக்குள் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.